அடி அண்ணாமலைக் கொல்லைகளும் மான் வேட்டையும்

அருணாசல மலையை வலம் வருவோர் மேற்றிசையை அடையுங்கால் அடி அண்ணாமலை என்னும் ஊரைக் காண்பர். ஆதி அருணாசலேசுவரர் ஆலயமும், மாணிக்கவாசக சுவாமிகளின் கோயிலும் அவ்வூருக்குப் பெருமை தருவன. ஆயினும் நாம் ஈண்டு எழுதப் புகுந்தது கோயிலைப் பற்றியன்று. மலையடியிற் கிடக்கும் கொல்லைகளில் மான் இறங்கி மேய்வதும், அதனை அடித்துண்ட பண்டை வழக்கம் குற்றமாக மாறிய வரலாறுமே நமது விஷயம். உழுதுண்ணும் குடும்பங்கள் மிகுந்த நம் சங்கத்தார்க்கு இது வெறும் பழங்கதையன்று.

பழமையைத் தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் உள்ள செங்கமே சங்க நூல் கூறும் செங்கண்மா. அதனை ஆண்ட நன்னன் மேல் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் அந்நூல், புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குடிகள் கல்லால் அமைத்த அடார் என்னும் பொறிகள் வழியெங்கும் உண்டாதலால், இருளில் நடவாது விடிந்தபின் செல்லுமாறு எச்சரிக்கின்றது. யானையை ஓட்டப் புனங்காவலர் விசும் கவண்கல்லுக்கும் தப்பிச் செல்லச் சொல்கின்றது. அம்மலைவாணர் இட்ட விருந்து யாது? கடமானின் கொழுந்தசை, முள்ளம்பன்றியின் நிணம், பெண்ணாய் விரட்டிப் பிடித்த ஊன். இவற்றோடு புளியும் மோரும் கூட்டி, மூங்கிலரிசியை உலையிலிட்டுச் சமைத்த சோறு. காவலும் உணவும் அங்கே வெவ்வேறு தொழில்களல்ல. பயிரைத் தின்ற விலங்கே பயிருக்கு ஈடாக உலையில் ஏறிற்று. வேட்டையென்றால் அரசர்தம் பொழுதுபோக்கு என்றே எண்ணுவோர் இந்நூலை ஒருமுறை வாசித்தல் நலம்.

நாயின் துணையும் இந்நிலத்தார்க்குப் பழமையானதே. தண்டராம்பட்டு வட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் அது பெயர் சொல்லிப் போற்றுகின்றது. அது வேட்டைக் கல்லன்று, ஆகோட் பூசலின் கல். எனினும் குடியானவன் நாயை எவ்வளவு மதித்தான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மானில் நமக்கு வேண்டியவை இரண்டு. மரச்செறிவும் புல்லும் அடுத்தடுத்து உள்ள இடத்தில் கூட்டமாய் வாழ்வது புள்ளிமான். திறந்த வெளியில் வாழ்ந்து, மானாவாரிப் பயிரில் மேய்வது வெளிமான். கேழ்வரகின் இளந்தாளும், மணிலாக்கொட்டையின் தழையும் (நம் பக்கத்தார் மல்லாட்டை என்பர்) இவற்றுக்கு இனிய உணவு. அந்தியிலும் விடியலிலும் மேய்ந்து அவை மறைந்துபோகும். கொல்லைக்காரன் காண்பது குளம்படியையே.

இனிச் சட்டத்தின் கதை. 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டினுள் விதிமீறி வேட்டையாடுதலையும் கண்ணி வைத்தலையும் தடுத்தது. பட்டா நிலத்தை அது தொடவில்லை. 1912ஆம் வருஷத்து வனப்பறவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், குறித்த காலங்களில் மான் முதலியவற்றைக் கொல்லலாகாதென்றது. ஆயினும் நல்லெண்ணத்தோடு தன் சொத்தைக் காக்க ஒருவன் விலங்கைக் கொன்றால் அச்சட்டம் அவனைப் பற்றாது என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. விளைந்த பயிரும் சொத்தே அல்லவா? ஆகவே கொல்லையில் மானை அடித்தவன் அக்காலத்தே சட்டத்தின் முன் நிமிர்ந்து நிற்க இடமிருந்தது. எனினும் 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ்த் துப்பாக்கிக்கு லைசென்ஸு வேண்டியிருந்தது. துரைமார் விளையாட்டுக்குச் சுட, ஏழைக் குடியானவனுக்குக் கண்ணியும் தடியுமே கதியாயின.

1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அவ்விலக்கு சுருங்கிற்று. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கக் கொல்லுதல் மட்டும் குற்றமன்று என்றது. சொத்து என்னும் சொல் குடியானவன் கையினின்று நீங்கி அதிகாரியின் கையில் ஏறிற்று. பயிருக்குக் கேடு செய்யும் சில வகை விலங்குகளைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் அவர்க்கே உண்டு. லைசென்ஸு பெற்று வேட்டையாடும் வழியும் 1991ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அடைபட்டது. நம்மவர் பலர் அறியாதது இந்த மாற்றமே. பாட்டன் செய்தது பேரனுக்கும் செல்லுமென்று எண்ணிச் சுருக்குக் கம்பி வைத்து, மூன்றாண்டு வரை சிறைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் ஆளாதல் குடும்பத்தையே நிலைகுலைப்பது. வெளிமானாயின் சிறை மூன்றாண்டுக்குக் குறையாது, ஏழு வரை நீளும். மின்கம்பி இழுப்போர் மானோடு மனிதரையும் கொன்றுவிடுகின்றனர். இதனை வேட்டையென்று சொல்ல நமக்கு நாக்கூசுகின்றது.

சட்டம் இறுகிய அக்காலத்தே மலையோ மொட்டையாய்க் கிடந்தது. விறகுக்கு வெட்டியும், தீயிட்டும், ஆடு மேய்த்தும் மரம் ஒழிந்திருந்தது. 1980களின் இறுதி முதல் அன்பர் பலர் கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி உழைத்ததனால் சரிவுகள் மீண்டும் பசுமை பெற்றன. காடு தழைத்தது, மான் தங்க நிழலும் கிடைத்தது. கோடையில் நீர் தேடி அவை ஊர்ப்பக்கம் இறங்குகின்றன. தெருநாய்கள் துரத்திக் கடிக்கின்றன; வண்டிகள் மோதுகின்றன. கோவிவனுக்குக் கல் நட்ட நாட்டில், ஆளற்ற நாய்களே இன்று மானுக்குப் பெரும் வேடர். மலையின் தென்புறத்து ரமணாசிரமத்தில் வள்ளி என்னும் மானுக்குச் சமாதி இருப்பதையும் யாத்திரிகர் காணலாம்.

கொல்லைக்காரன் நஷ்டம் பொய்யன்று. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாட்டு அரசு 2025இல் ஒரு வழி வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை கொல்லுதல் இல்லை, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுதல், 3க்கு அப்பால் வனத்துறையாரே சுடுதல். மானுக்கு இவ்வழி இல்லை. மலையடியிலேயே உள்ள கொல்லைகளுக்கோ பன்றிக்கும் இல்லை. எஞ்சியது வேலியும் இரவுக் காவலுமே. நாய் கடித்தோ வண்டி மோதியோ செத்த மான் நம் நிலத்திற் கிடப்பினும் அது ஸர்க்கார் சொத்தாம். அதனைக் கைக்கொள்ள நேர்ந்தவர் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்துக்கோ வனத்துறை அதிகாரிக்கோ அறிவித்தல் வேண்டும். அறுத்துப் பங்கிட்டவர், வேட்டையாடாதவராயினும், வழக்கிற் சிக்குவர்.