பெயர் தாங்கிய படங்கள்

தம் உருவம் தமக்குப் பின்னும் நிலைபெற வேண்டும் என்னும் விழைவு மாந்தர்க்குப் பொது. ஆயினும் ஓவியரை அமர்த்திப் படம் எழுதுவித்தல் நெடுங்காலம் அரசர்க்கும் செல்வர்க்குமே இயன்றது. 1839-இல் பாரிசு நகரில் ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1854-இல் அந்நகரத்துத் திஸ்தேரி என்பார், ஒரே கண்ணாடித் தட்டில் பல படங்களைப் பதித்து, அச்சிட்டு, வெட்டி, சிற்றட்டைகளில் ஒட்டும் முறைக்கு உரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் அவ்வட்டைகளின் விலை குறைந்தது. உறவினர் தம்முள் மாற்றிக்கொண்டனர். அரசியார், அறிஞர் ஆகியோரின் படங்களை மக்கள் விலைக்கு வாங்கித் தொகுத்தனர்.

சென்னையில் 1856-இல் ஒளிப்படக் கழகம் தோன்றிற்று. கலைப்பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அதற்கு முன்னின்றார். பின்னர் நிக்கலஸ் நிறுவனத்தார் போன்றோர் படநிலையங்கள் நடத்தினர். அக்காலத்தில் படமெடுத்தல் எளிதன்று. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம்பிடித்துக் கழுவி முடித்தல் வேண்டும். அமர்ந்தவர் சில நொடிகள் அசையாதிருக்க, தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி ஒன்று மறைவாக நிறுத்தப்படும். பழம்படங்களில் முகங்கள் இறுகித் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்நிலையங்களினின்று இருவகை அட்டைகள் வெளிவந்தன. தாமே பொருள் கொடுத்து எடுத்துக்கொண்டவை ஒருவகை. அவை இல்லங்களில் பெயரோடு போற்றப்பட்டன. வெளிநாட்டார் வாங்குதற்கென, இந்நாட்டு மக்களைத் தொழில்வாரியாகவும் குலவாரியாகவும் நிறுத்தி எடுத்தவை மற்றொருவகை. அவற்றில் அமர்ந்தவரின் தொழிற்பெயரோ குலப்பெயரோதான் பெரும்பாலும் காணப்படும். 1868 முதல் 1875 வரை அரசு எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ என்னும் நூலும் பெரிதும் அந்நெறியிலேயே சென்றது. முகம் எஞ்சிற்று, பெயர் மறைந்தது.

பெயர் பொறித்தலின் அருமையைச் சமணர் முன்னரே அறிந்திருந்தனர். கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. குயவர், தச்சர் போன்ற எளிய தொழிலினர் பெயர்களும் அங்குண்டு. ஓராயிரம் ஆண்டு கடந்தும் அவர்கள் பெயரற்றோர் ஆகவில்லை.

தேசூர், ஆரணி, வந்தவாசி வட்டாரத்து இல்லங்களின் பழம்படங்களுக்கும் இக்காப்பு வேண்டும். படத்தில் இருப்பவர் இன்னார் என்று சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் மறைந்தபின், பெயரில்லாப் பாட்டனார் படத்திற்கும் விலைக்கு விற்ற அட்டைக்கும் வேற்றுமை இராது. படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், உறவுமுறை, ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றை எழுதிவைத்தல் போதும். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். பசை ஏடும் வெயிற்சுவரும் ஆகா. திருவிழாவிற்கு உறவினர் ஒருங்கு கூடும் நாளே முதியோரைக் கேட்டு எழுதுதற்கு ஏற்ற நாளாகும்.