ஃபெயிலான பாடத்தை சில நாட்களில் மீட்க முடியுமா? அமெரிக்கப் பள்ளிகளின் 'கிரெடிட் ரெக்கவரி' குழப்பம் என்ன?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டிசியில் உள்ள பல்லூ உயர்நிலைப் பள்ளி 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் நாடு முழுக்கப் பாராட்டப்பட்டது. பட்டம் வாங்கிய அத்தனை மாணவர்களுக்கும் ஏதோ ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வறுமை அதிகம் உள்ள பகுதியில் இருக்கும் பள்ளி என்பதால் இது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது.

ஐந்தே மாதத்தில் கதை மாறியது. பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்வியாண்டில் மூன்று மாதங்களுக்கு மேல் பள்ளிக்கே வரவில்லை என்று டபிள்யூஏஎம்யூ, என்பிஆர் வானொலிகள் நவம்பர் மாதம் அம்பலப்படுத்தின. ஏப்ரல் மாத நிலவரப்படி பட்டம் பெறத் தகுதியோடு இருந்தவர்கள் 57 பேர்தான். ஜூனில் மேடையேறியவர்களோ 164 பேர். நடுவில் இருந்த இரண்டு மாதத்தில் என்ன நடந்தது?

அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு முக்கியமான பகுதி, 'கிரெடிட் ரெக்கவரி'.

நம்ம ஊர் அரியர் மாதிரிதானா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில் ஆனால் துணைத் தேர்வு எழுத வேண்டும். கேள்வித்தாளைத் தயாரிப்பதும் விடைத்தாளைத் திருத்துவதும் அந்த மாணவனின் சொந்தப் பள்ளி இல்லை. மாநிலம் முழுக்க ஒரே அளவுகோல்.

அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' உண்டு. ஒரு வருடம் ஒரு பாடத்தைப் படித்துத் தேறினால் பொதுவாக ஒரு கிரெடிட். ஃபுளோரிடாவில் 24, டெக்சாஸில் குறைந்தபட்சம் 22 என்று மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். அந்த எண்ணிக்கை சேர்ந்துவிட்டால், மாநிலம் வைக்கும் ஒன்றிரண்டு நிபந்தனைகளையும் முடித்து டிப்ளமோ வாங்கிவிடலாம். பெரும்பாலான பாடங்களில் தேர்ச்சியா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்தந்த ஆசிரியரும் பள்ளியும்தான்.

இந்தக் கணக்கின் வேர் 1906-ல் இருக்கிறது. கார்னகி அறக்கட்டளை அப்போது வகுத்த 'கார்னகி யூனிட்' என்பது ஒரு பாடத்துக்கு 120 மணி நேர வகுப்பு. மாணவன் எவ்வளவு கற்றான் என்பதை அது அளக்கவில்லை. எவ்வளவு நேரம் வகுப்பில் உட்கார்ந்தான் என்பதைத்தான் அளந்தது. இன்றைய சிக்கல் பலவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

ஒரு கிரெடிட் குறைந்தாலும் டிப்ளமோ இல்லை. அதனால் ஃபெயிலானவர்கள் கோடை விடுமுறையிலோ மாலை நேரத்திலோ அதே வகுப்பை மறுபடி எடுப்பது பழைய வழக்கம். 2000-க்குப் பிறகு இந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது. அபெக்ஸ் லேர்னிங், எட்ஜெனுவிட்டி போன்ற நிறுவனங்களின் பாடங்களைப் பள்ளிகள் மொத்தமாக வாங்கின. இதில் ஒரு சுவாரசியம். மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் 1997-ல் தொடங்கிய அபெக்ஸ், ஆரம்பத்தில் கவனம் செலுத்தியது நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கான ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களில். அதே நிறுவனம் பின்னாளில் ஃபெயிலான மாணவர்களுக்கான பெரிய சந்தையில் வந்து நின்றது.

எப்படி நடக்கிறது?

மாணவர் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து லாகின் செய்வார். வீடியோ ஓடும். பிறகு சின்ன வினாடி வினா, யூனிட் டெஸ்ட், கடைசியில் இறுதித் தேர்வு. பல இடங்களில் ஒரு பாடப்பகுதியைத் தொடங்கும் முன்பே முன்தேர்வு இருக்கும். அதில் தேறிவிட்டால் அந்தப் பகுதியையே தாண்டிவிடலாம்.

யோசனை என்னவோ நியாயமானதுதான். அல்ஜீப்ராவில் ஃபெயிலான மாணவனுக்கு எல்லாமே தெரியாது என்று அர்த்தமில்லை. நாலு மாதம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் வகுப்புக்கு வராமல் போயிருக்கலாம். அவனை 120 மணி நேரம் மறுபடி உட்கார வைப்பதைவிட, தெரியாததை மட்டும் படிக்கவைப்பது நல்லதுதானே? நாள் கணக்கை விட்டுவிட்டு கற்றதை மட்டும் பார்க்கலாம் என்பதுதான் இதை ஆதரிப்பவர்களின் வாதம்.

ஆனால் 'கற்றுவிட்டான்' என்று யார் சொல்வது? அங்கேதான் இடிக்கிறது.

திடீரென இவ்வளவு பரவியது ஏன்?

இரண்டு அழுத்தங்கள் ஒரே நேரத்தில் வந்தன.

முதலாவது, பாடத்தின் கனத்தைக் கூட்டச் சொன்ன அழுத்தம். 1983-ல் வெளியான 'எ நேஷன் அட் ரிஸ்க்' என்ற அரசுக் குழு அறிக்கை, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி மாணவரும் நான்கு வருடம் ஆங்கிலம், மூன்று வருடம் கணிதம், மூன்று வருடம் அறிவியல், மூன்று வருடம் சமூக அறிவியல், அரை வருடம் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்றது. 1999-ல் அமெரிக்கக் கல்வித் துறை ஆய்வாளர் கிளிஃபோர்ட் அடெல்மன் இன்னொரு முக்கியமான முடிவை வெளியிட்டார். ஒரு மாணவர் கல்லூரிப் படிப்பை முடிப்பாரா என்பதை மதிப்பெண் சராசரியைவிட, நுழைவுத் தேர்வைவிட, உயர்நிலைப் பள்ளியில் எவ்வளவு கனமான பாடங்களைப் படித்தார் என்பதே நன்றாகக் காட்டுகிறது என்பது அது. மாநிலங்கள் வரிசையாகப் பாடத் தேவைகளை உயர்த்தின.

இரண்டாவது, பட்டம் பெறுவோர் விகிதத்தைக் கூட்டச் சொன்ன அழுத்தம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே வருடத்தில் டிப்ளமோ வாங்கினார்கள் என்பதை எல்லா மாநிலமும் ஒரே முறையில் கணக்கிட வேண்டும் என்று 2008-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண் குறைந்த பள்ளிகள் மேல் நடவடிக்கை பாயும். 2010-11 கல்வியாண்டில் 79 சதவிகிதமாக இருந்த தேசிய விகிதம், 2018-19-ல் 86 சதவிகிதம் ஆனது.

பாடமும் கடினமாக வேண்டும், ஃபெயிலும் ஆகக் கூடாது. பள்ளி முதல்வர் என்ன செய்வார்? 2014-15 கல்வியாண்டு பற்றி அமெரிக்கக் கல்வித் துறை நடத்திய ஆய்வில் 89 சதவிகித உயர்நிலைப் பள்ளிகள் ஏதோ ஒரு வகையில் கிரெடிட் ரெக்கவரி வைத்திருந்தன. சுமார் 15 சதவிகித மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். மீட்பு வழி என்று வைத்தது பள்ளியின் வழக்கமான வாசல்களில் ஒன்றாகிவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது என்ன?

இந்த இரண்டு அழுத்தங்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் லாஸ் ஏஞ்சலஸ். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம்.

கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர 'ஏ முதல் ஜி வரை' எனப்படும் 15 பாடங்களைப் படித்திருக்க வேண்டும். அதுவும் 'சி' கிரேடு அல்லது அதற்கு மேல். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் இந்தப் பாடங்களில் சேர்க்கப்படாமலேயே ஒதுக்கப்படுகிறார்கள் என்று பெற்றோரும் மாணவர்களும் போராடினார்கள். 2005-ல் பள்ளி வாரியம் இறங்கிவந்தது. இனி டிப்ளமோ வாங்கவே எல்லோரும் இந்தப் பாடங்களை முடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பத்து வருடம் ஓடியது. 2015 டிசம்பரில் கணக்குப் பார்த்தபோது, அடுத்த ஆண்டு பட்டம் பெற வேண்டியவர்களில் 54 சதவிகிதம் பேர்தான் சரியான பாதையில் இருந்தார்கள். மாவட்டம் பதறியது. 1.5 கோடி டாலர் செலவில் கிரெடிட் ரெக்கவரி வகுப்புகள் மளமளவென்று தொடங்கப்பட்டன. பள்ளி நேரத்தில், மாலையில், சனிக்கிழமையில், விடுமுறையில் என்று மாணவர்கள் ஆன்லைன் பாடங்களை முடித்துத் தள்ளினார்கள். 2016-ல் பட்டம் பெற்றோர் விகிதம் சுமார் 75 சதவிகிதம் என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை இல்லாத சாதனை!

இன்னொரு விஷயமும் ஓசைப்படாமல் நடந்திருந்தது. 2017-ல் பட்டம் பெறும் பிரிவு முதல் 'சி' கிரேடு கட்டாயம் என்பதுதான் பழைய திட்டம். 2015 ஜூனில் வாரியம் அதை 'டி' போதும் என்று தளர்த்திவிட்டது. 'டி' வாங்கினால் டிப்ளமோ கிடைக்கும். ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்துக்காக இந்த 15 பாடங்களைக் கட்டாயமாக்கினார்களோ, அந்தப் பல்கலைக்கழகம் அந்த 'டி'யை ஏற்காது. மாணவன் கையில் டிப்ளமோ இருக்கும், கேட் திறக்காது.

அப்போ ஆன்லைன் என்றாலே ஈசியா?

அப்படியும் சொல்ல முடியாது. சிகாகோவில் நடந்த ஆய்வு இந்த விவாதத்தையே கொஞ்சம் திருப்பிப்போட்டது. 2011, 2012 கோடைகளில் 17 பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவில் ஃபெயிலான 1,224 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆன்லைன். இன்னொரு குழுவுக்கு ஆசிரியர் நேரில் நடத்தும் வகுப்பு.

நேரடி வகுப்பில் 76 சதவிகிதம் பேர் கிரெடிட்டை மீட்டார்கள். ஆன்லைனில் 66 சதவிகிதம் பேர்தான். ஆன்லைன் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று மாணவர்களே சொன்னார்கள். கடைசியில் வைத்த அல்ஜீப்ரா தேர்விலும் ஆன்லைன் குழு கொஞ்சம் பின்தங்கியது.

காரணம்தான் கவனிக்க வேண்டியது. மென்பொருள் இரண்டாம் செமஸ்டர் அல்ஜீப்ராவை விடாமல் நடத்தியது. எதிரில் இருப்பவனுக்கு பின்னமே தகராறு என்பது அதற்குத் தெரியாது. நேரடி வகுப்பு ஆசிரியர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு பின்னால் போய் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். பாடத்திட்டப்படி பார்த்தால் ஆன்லைன்தான் கனமானது. ஆனால் கனமான பாடத்தைத் தூக்கிக் கொடுத்தால் மட்டும் மாணவனுக்குக் கணக்கு வந்துவிடவில்லை.

அதே ஆய்வில், லேபில் இருந்த மேற்பார்வையாளர் சும்மா கண்காணிக்காமல் கணக்குச் சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன வகுப்புகளில் தேர்ச்சி கூடுதலாக இருந்தது. நீண்ட காலத்தில் பட்டம் பெறுவதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஓட்டை எங்கே?

சிகாகோவில் ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இடங்களில் அப்படி யாரும் இல்லை. ஒரு டேபில் தேர்வு, இன்னொரு டேபில் கூகுள். கேள்விகள் மாறாமல் இருப்பதால் விடைகள் இணையத்தில் அப்படியே கிடைக்கும். ஸ்லேட் இணைய இதழ் 2017-ல் வெளியிட்ட தொடர் இதைத்தான் பேசியது.

2020-ல் கொரோனா காலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. எட்ஜெனுவிட்டியில் வரலாற்றுக் கேள்விக்கு விடை எழுதிய லாஸ் ஏஞ்சலஸ் சிறுவன் ஒருவனுக்கு, சமர்ப்பித்த நொடியிலேயே நூற்றுக்கு 50 மதிப்பெண் வந்தது. அவனுடைய அம்மா வரலாற்றுப் பேராசிரியை. இவ்வளவு வேகமாகத் திருத்துவது மனிதர் இல்லை என்று புரிந்துபோனது. அடுத்த முறை இரண்டு வாக்கியம் எழுதி, அதன் பின்னால் தலைப்போடு சம்பந்தப்பட்ட சொற்களைக் கோர்வையே இல்லாமல் அடுக்கினார்கள். முழு மதிப்பெண்! 'தி வெர்ஜ்' தளத்தில் செய்தி வந்தது. மதிப்பெண்ணை ஆசிரியர் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது என்பது நிறுவனத் தரப்பு. அந்த வசதியைப் பயன்படுத்த ஆசிரியருக்கு நேரம் இருக்க வேண்டும்.

வெறும் கருவியை வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் லாஸ் ஏஞ்சலஸே சாட்சி. 2013-ல் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 130 கோடி டாலர் திட்டம் தொடங்கியது. சில வாரங்களில் மாணவர்கள் பாதுகாப்புப் பூட்டை உடைத்து ஃபேஸ்புக் பார்க்க ஆரம்பித்தார்கள். 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

தரம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத் தெளிவான விடை வைத்திருப்பது, எதிர்பாராத விதமாக, ஒரு விளையாட்டு அமைப்பு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, வீரர்களின் பள்ளிச் சான்றிதழை வரி வரியாகப் பார்க்கும். ஆன்லைன் பாடம் என்றால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தொடர்ச்சியான தொடர்பு இருந்திருக்க வேண்டும். பாடம் முடிக்க எடுத்துக்கொண்ட காலத்துக்குக் கணக்கு வேண்டும். கிரெடிட் ரெக்கவரி என்றால், அது வழக்கமான வகுப்புக்கு நிகரான நீளமும் உள்ளடக்கமும் கொண்டதாக இருக்க வேண்டும். 2014-ல் கே12 நிறுவனத்தின் பாடங்களைப் பயன்படுத்திய 24 ஆன்லைன் பள்ளிகளின் பாடங்களை இனி ஏற்க முடியாது என்று என்சிஏஏ சொல்லிவிட்டது.

பள்ளிகள் செய்யக்கூடியதும் ஏறக்குறைய இவைதான். இறுதித் தேர்வை ஆசிரியர் முன்னால் எழுதவைப்பது, அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியரையே லேபில் நிறுத்துவது, ஒரே நாளில் எத்தனை பகுதி முடிக்கலாம் என்று உச்சவரம்பு வைப்பது. எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. செலவு ஆசிரியர் சம்பளத்தில் வரும். அதனால்தான் பலரும் தயங்குகிறார்கள்.

பல்லூ விவகாரம் எப்படி முடிந்தது?

வானொலிச் செய்திக்குப் பிறகு நகர நிர்வாகம் வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்தது. 2018 ஜனவரியில் அறிக்கை வந்தது. வாஷிங்டன் டிசி அரசுப் பள்ளிகளில் 2017-ல் பட்டம் பெற்ற 2,758 பேரில் 937 பேர், அதாவது 34 சதவிகிதம் பேர், விதிகளுக்கு மாறாக டிப்ளமோ வாங்கியிருந்தார்கள். அளவுக்கு மீறிய விடுப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முதலில் பாடத்தை எடுத்து ஃபெயில் ஆகாமலேயே நேரடியாக கிரெடிட் ரெக்கவரிக்குப் போனவர்கள். இழக்காத ஒன்றை மீட்டிருக்கிறார்கள்!

ஃபெயிலான பிறகுதான் ரெக்கவரி என்ற விதி அப்போதே இருந்தது. வருகைப் பதிவு விதியும் இருந்தது. அடுத்த ஆண்டு அவற்றைக் கறாராக அமல்படுத்தினார்கள். 73 சதவிகிதமாக இருந்த பட்டம் பெறுவோர் விகிதம் 2018-ல் சுமார் 69 சதவிகிதமாக இறங்கியது.