கண்ணாடி விறாந்தை

பழைய அமெரிக்க வீடுகள் சிலவற்றில் கண்ணாடி யன்னல்களால் அடைக்கப்பெற்ற விறாந்தையொன்று உண்டு. வெயில் காய்வதற்கும் பூஞ்சாடி வைப்பதற்கும் அமைத்த இடமென்றே காண்போர் கருதுவர். நியூ யோர்க் மாநிலத்து அடிரொண்டாக் மலைநாட்டிலே, சாரனாக் லேக் என்னும் சிற்றூரில், அது நோயாளிகள் உயிருக்குப் போராடிய இடமாகும்.

நேயர்களே, சயரோகத்திற்கு மருந்தில்லாத காலம் அது. 1882ஆம் ஆண்டில் ரொபேட் கொக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அதனை அழிக்கும் வழியை எவரும் அறிந்திலர். தாமே அந்நோய்க்கு ஆளாகி மலைக்காற்றில் உடல் தேறிய வைத்தியர் எட்வேட் ட்ரூடோ, 1885ஆம் ஆண்டளவில் அங்கு ஒரு சிறு குடிலிலே சிகிச்சையைத் தொடங்கினார். முதலில் வந்தவர்கள் தொழிற்சாலையில் வேலைசெய்த சகோதரிகள் இருவர். அக்குடிலின் விறாந்தை மிகச் சிறியது. நோயாளிகள் பெருகவே, ஊரவரும் தம் வீடுகளில் அவர்களுக்கு இடமளித்தனர். வீட்டுக்கு வீடு விறாந்தைகள் எழுந்தன. சில வீடுகளில் விறாந்தைக்காகவே வீடு கட்டப்பட்டதோ என ஐயுறத் தோன்றும்.

அவற்றின் யன்னல்கள் பல, பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கத்தக்கவை. சக்கரக் கட்டிலை உருட்டிச் செல்லுமளவு அகன்ற வாசல்களும் இருந்தன. கம்பளிகளிற் புதைந்து, உறைபனிக் காலத்திலும் நாள்தோறும் பல மணிநேரம் நோயாளிகள் அங்கே சாய்ந்து கிடந்தனர். மார்கழிப் பனிக்கே காதை மூடிக்கொள்ளும் நமக்கு இது கொடுமையாகவே படும். ஓய்வும் நல்லுணவும் சிலரைத் தேற்றின, பலர் இறந்தனர். 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபின் நிலைமை மாறிற்று. ட்ரூடோவின் ஆரோக்கிய நிலையம் 1954இல் மூடப்பட்டது. விறாந்தைகள் வேலையற்றுப் போயின.

இனி, இத்தகைய வீட்டைப் புதுப்பிப்பவர் எதனைக் காப்பது? திறந்த விறாந்தையோடு கட்டப்பெற்றுப் பின்னர் கண்ணாடியிட்டு அடைக்கப்பட்ட வீடுகளும் உள. ஆதி வடிவமே வேண்டுமென்று கண்ணாடியைக் கழற்றுவோர் வீட்டின் சரித்திரத்தையே கழற்றுகின்றனர் என்பேன். ஒரு கட்டடத்தின் எல்லாக் காலத்துப் பங்களிப்பையும் மதிக்க வேண்டுமென 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் கூறுகின்றது.

வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டும். முதலிற் கூரையொழுக்கை நிறுத்தி, உளுத்த மரத்தை மட்டும் அறுத்தெடுத்துப் புதுமரம் பொருத்தலாம். பழைய சட்டங்களைச் சுரண்டி, மக்குப் பூசி, வர்ணந் தீட்டினால் அவை மீண்டும் நகரும். ஆனால், குளிர் புகாதிருக்க அகன்ற வாசலைச் சுருக்கிச் சுவர் எழுப்பிவிட்டாலோ, அவ்வழியே கட்டில்கள் உருண்டு சென்றன என்பதற்கு அவ்வீட்டிற் சான்றே இராது.