வெள்ளை அம்பாசடரும் நம்ம ஊர் மணலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த பதிவு. காருக்கு பெயிண்ட் அடிக்கிறதைப் பத்தி. "அதுல என்ன ஓய் வரலாறு?"ன்னு கேக்காதீங்க, இருக்கு. அதுக்கு முன்னாடி சொந்தக் கதை ஒண்ணு. நான் பண்ணின முட்டாள்தனம்.

எங்க வீடு கொட்டாரத்துல. நாகர்கோவில்லேர்ந்து கன்னியாகுமரி போற வழியில. அப்பா டாக்சி ஓட்டினவர், வெள்ளை அம்பாசடர். சூரிய உதயம் பாக்க வர்றவங்களை ஏத்தி இறக்கித்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வச்சார். ஞாயித்துக்கிழமை ஆனா வண்டியைத் தென்னை நிழல்ல நிறுத்தி பாலிஷ் போட்டுத் தேய்ப்பார். துணி வெள்ளையாயிடும். 'இப்படியே தேய்ச்சா கார் தீந்து போயிடுமே'ன்னு சின்ன வயசுல பயந்திருக்கேன் :-)

வேலைக்குப் போய் கையில காசு வந்ததும் வண்டிக்குப் புது பெயிண்ட் அடிச்சுத் தரணும்னு ஆசை. எங்க ஊர் பெயிண்டர் அண்ணன், "தம்பி, வெள்ளைக்கு எதுக்கு கிளியரு? சிங்கிள் ஸ்டேஜே போதும்"ன்னார். நாலு வீடியோ பாத்த தெம்புல எனக்கு அது பழைய காலத்துப் பேச்சாத் தெரிஞ்சது. வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டு டூ ஸ்டேஜ் அடிச்சேன். வண்டி கண்ணாடி மாதிரி வந்து நின்னுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை அப்பா தேய்ச்சுப் பாத்துட்டு துணியைக் காட்டினார். "மக்களே, ஒண்ணும் வரல்லியே." அதுதான் இதோட பெருமையேன்னு நான் விளக்கம் கொடுத்தேன்.

ரெண்டு வருஷம் கூடத் தாங்கல. கூரையில கிளியர் உரிய ஆரம்பிச்சது, வெயில்ல காஞ்ச தோல் மாதிரி. அப்பா ஒரு வார்த்தை சொல்லல. ஆனா ஞாயித்துக்கிழமை தேய்க்கிறதை நிறுத்திட்டார். அதுக்கப்புறம்தான் இந்த வரலாற்றை உக்காந்து படிச்சேன்.

முதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சிங்கிள் ஸ்டேஜ்ல நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்ட்ல. டூ ஸ்டேஜ்ல முதல்ல நிறம் மட்டும் மெல்லிசா, மங்கலா. அதுதான் பேஸ் கோட். அது மேல நிறமே இல்லாத கிளியர். பளபளப்பும் காவலும் கிளியரோட வேலை. புற ஊதாக் கதிரைத் தடுக்குற மருந்து அதுலதான் கலந்திருக்கும். அப்பா துணியில வெள்ளை வராததுக்கு இதான் காரணம். துணி நிறத்தைத் தொடவே இல்ல.

இந்தக் கிளியர் எப்படி வந்துச்சுன்னு பாத்தா, கதை குதிரை வண்டியிலேர்ந்து தொடங்குது. ஆரம்ப கால கார்களுக்கு சாரட்டு வண்டிக்குப் பூசுற அதே வார்னிஷ் தான். ஒரு கோட் காயணும், தேய்க்கணும், அடுத்த கோட் பூசணும். ஒரு காருக்கு வாரக்கணக்குல ஆகும். ஃபோர்டு தன்னோட மாடல் டி காரை 1914-லேர்ந்து 1925 வரைக்கும் கருப்புல மட்டுமே வித்தார்.

1923-ல ஜெனரல் மோட்டார்ஸோட ஓக்லண்ட் கார் நீல நிறத்துல வந்துச்சு. பூசினது டூபான்ட் கம்பெனியோட 'டூக்கோ'. நைட்ரோ செல்லுலோஸ் லேக்கர், வெடி மருந்துக்குச் சொந்தக்காரன். ஸ்ப்ரே கன்ல அடிச்சா மளமளன்னு காயும். வாரக்கணக்கு நாள்கணக்கா சுருங்கிச்சு. இன்னிக்கும் நம்ம பக்கம் கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஸ்ப்ரே அடிச்சா 'டூக்கோ'ன்னு தானே சொல்றோம்? அந்தப் பேரு இதுதான்.

1930கள்ல ஆல்கைட் எனாமல், 1950கள்ல அக்ரிலிக் லேக்கர். எல்லாமே சிங்கிள் ஸ்டேஜ். மெட்டாலிக் கலர்லதான் சிக்கல் வந்துச்சு. அதுல மின்னுறது அலுமினியத் துகள். மேல காவல் இல்லாட்டி துகள் மங்கிடும். தேய்ச்சா திட்டுத் திட்டாப் போயிடும். அதனால மெட்டாலிக்குக்கு மேல கிளியர் பூசுற வழக்கம் ஐரோப்பாவுல முதல்ல வேர் விட்டு, 1980கள்ல உலகம் பூரா பரவிச்சு. ஆக கிளியர் வந்தது முக்கியமா மெட்டாலிக்கைக் காப்பாத்த. சாதா வெள்ளைக்கு அது கட்டாயமே இல்ல. பெயிண்டர் அண்ணன் ஒரே வரியில சொன்னது இதைத்தான்.

சரி, அந்த வெள்ளை எங்கேர்ந்து வருது? இங்கதான் நம்ம ஊரு உள்ள வருது.

1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்லேர்ந்து போன கயித்துல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சார். கேஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதுல இருக்கு. தேடிக்கிட்டு வந்து ஆலை போட்டது நம்ம மணவாளக்குறிச்சியில. 1956-ல சென்னை மாநிலத்தோட சேர்ற வரைக்கும் நம்ம பக்கம் மலையாள ராஜ்யம் தானே. மோனசைட்டை எடுத்தா மிச்சம் வர்ற கருப்பு மணல் இல்மனைட். முதல்ல அதுக்கு மதிப்பே இல்ல.

அந்தக் கருப்பு மணல்லேர்ந்துதான் டைட்டானியம் டை ஆக்ஸைடுங்கிற தூய வெள்ளைப் பொடி வரும். 1916 வாக்குல அது வியாபாரத்துக்கு வந்து, வெள்ளை ஈயத்தோட இடத்தை மெதுவா பிடிச்சது. 1940 வரைக்கும் உலகத்தோட இல்மனைட் தேவையில பெரும் பங்கு திருவிதாங்கூர் கடற்கரை மணல் தான். 1946-ல திருவனந்தபுரத்துல டிராவன்கூர் டைட்டானியம் கம்பெனி தொடங்கினாங்க. மணவாளக்குறிச்சி ஆலை 1965-ல இந்தியன் ரேர் எர்த்ஸ் கைக்கு வந்துச்சு. (மணல் அள்ளுறதுக்கு நம்ம கடலோர மக்கள் காட்டுற எதிர்ப்பு தனிப் பதிவா எழுத வேண்டிய விஷயம்.)

இந்த வெள்ளைப் பொடியில ரெண்டு ஜாதி உண்டு, அனடேஸ், ரூட்டைல். அனடேஸ் மேல வெயிலும் ஈரமும் பட்டா அதுவே தன்னைப் பிடிச்சிருக்குற பிசினை அரிச்சிடும். பெயிண்ட் மாவு மாதிரி உதிரும். ரூட்டைல் அவ்வளவு மோசம் இல்ல. அதனாலதான் வெளியில நிக்கிற வண்டிக்கு அது. ஆனா எவ்வளவு நல்ல சிங்கிள் ஸ்டேஜும் குமரி வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா மேல் தோலை இழக்கும். அப்பா துணியில ஒட்டின வெள்ளை அதுதான். செத்த தோலைத் தேய்ச்சு எடுத்தா உள்ளேயும் அதே வெள்ளை. வண்டி பழையபடி முழிச்சுக்கும்.

கிளியர் நல்லா அடிச்சா ரொம்ப வருஷம் நிக்கும், அதுல சந்தேகம் இல்ல. எங்க வண்டியில பழைய பெயிண்டைச் சரியா வாட்டர் பேப்பர் போடாம, கிளியரையும் மெல்லிசா அடிச்சிருந்தாங்க. அது டூ ஸ்டேஜோட குத்தம் இல்ல. ஆனா சிங்கிள் மங்கினா வீட்லயே தேய்ச்சு மீட்டுக்கலாம். கிளியர் உரிஞ்சா சுரண்டி மறுபடி அடிக்கிறதைத் தவிர வழி இல்ல.

இன்னொரு குழப்பமும் தீந்துச்சு. 'டூ கே'ன்னா டூ ஸ்டேஜ்னு நெனச்சிருந்தேன். இல்லையாம். பெயிண்டோட ஹார்ட்னர் கலக்குறதுதான் டூ கே. சிங்கிள் ஸ்டேஜ்லயும் டூ கே உண்டு. அந்த ஹார்ட்னர்ல இருக்குற ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டு வரும். மூஞ்சியில துண்டு கட்டினா போதாது, வெளிக்காத்து குழாய்ல வர்ற மாஸ்க் வேணும்.

போன வருஷம் பெயிண்டர் அண்ணன்கிட்டயே போய் நின்னேன். மாஸ்க் செலவு என்னோடதுன்னு முதல்லயே சொல்லிட்டேன். அவர் சிரிச்சுட்டு, "இப்பமாவது வந்தியே தம்பி"ன்னார். எல்லாத்தையும் சுரண்டி, பட்டி பாத்து, டூ கே சிங்கிள் ஸ்டேஜ் வெள்ளை.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சு வந்தா அப்பா தென்னை நிழல்ல தேய்ச்சிட்டு இருக்கார். என்னைப் பாத்ததும் துணியை விரிச்சுக் காட்டினார். லேசா வெள்ளை.

"பாத்தியா மக்களே"ன்னார். அவ்வளவுதான்.

டிஸ்கி: நான் கோடு எழுதுறவன், பெயிண்டர் இல்ல. தப்பு இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. உங்க வீட்டுப் பழைய வண்டியோட கதை இருந்தாலும் சொல்லுங்க.