வீட்டு ரிமோட்டும் குறுக்கீடும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி தொழில் வட்டாரத்தை முன்வைத்து

தொலையியக்கி என்பது மின்கருவி ஒன்றைத் தொடாமல், தள்ளியிருந்தே இயக்க உதவும் சிறு கருவி. பேச்சு வழக்கில் இது ரிமோட் எனப்படுகிறது. ரிமோட் அனுப்பும் சமிக்ஞையோடு வேறோர் ஒளியோ ஒலியோ மின்காந்த அலையோ கலந்து, ஆணை போய்ச்சேராமலோ தவறாகப் போய்ச்சேர்ந்தோ பிழை நேர்வது குறுக்கீடு எனப்படும். இது ரிமோட்டோடு கூடப் பிறந்த சிக்கல். ரிமோட்டின் வரலாறே பெரும்பாலும் குறுக்கீட்டிலிருந்து தப்பிக்க மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறுதான்.

தொடக்க காலம்

கம்பியின்றித் தொலைவிலிருந்து ஒரு செயலை நிகழ்த்திக் காட்டியவர்களுள் முன்னோடி ஜகதீஷ் சந்திர போஸ். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் அனுப்பிய நுண்ணலைகள் சுவர்களைக் கடந்து சென்று ஒரு மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் பற்ற வைத்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1898இல், நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். வேறொருவர் அனுப்பும் அலைக்கும் படகு கீழ்ப்படிந்துவிடுமே என்ற கேள்வி டெஸ்லாவுக்கு இருந்தது. இரண்டு அலைவெண்கள் ஒருங்கே வந்தால் மட்டும் இயங்கும் முறை ஒன்றை வகுத்து, 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பூட்டுக்கு இரட்டைச் சாவி வைப்பது போன்ற இந்த எண்ணம் இன்றைய ரிமோட்டுகளிலும் வேறு வடிவில் வாழ்கிறது.

வீட்டுத் தொலைக்காட்சிக்கு ரிமோட் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம். 1950இல் வந்த அதன் முதல் ரிமோட்டில் கம்பி இருந்தது. வீட்டார் அதில் கால் தடுக்கி விழுந்தனர். 1955இல் யூஜின் பாலி உருவாக்கிய ஃபிளாஷ்-மேட்டிக் கம்பியில்லாதது. துப்பாக்கி வடிவிலான கைவிளக்கின் ஒளியைப் பெட்டியின் நான்கு மூலைகளில் உள்ள ஒளிமின்கலங்களில் ஒன்றின்மேல் அடித்தால் போதும். ஆனால் சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் அந்தக் கலங்கள் வேலை செய்தன. யாரும் தொடாமலே அலைவரிசை மாறியது. அடுத்த ஆண்டு ராபர்ட் ஆட்லர் மீயொலியைப் பயன்படுத்தினார். பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தி ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழும். பெட்டி அதைக் கேட்டு இயங்கும். மின்கலமே வேண்டாத அருமையான ஏற்பாடு இது. ஆனாலும் சாவிக்கொத்தைக் குலுக்கினால் எழும் ஓசையில் மீயொலியும் கலந்திருந்ததால், அதற்கும் சில பெட்டிகள் பதில் சொல்லின. இந்தக் குறைகளோடும் மீயொலி ரிமோட் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது. 1980களில் அகச்சிவப்பு ஒளி அதன் இடத்தைப் பிடித்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் ரிமோட்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் சென்னையின் சொந்தத் தயாரிப்புகளான டயனோரா, சாலிடேர் போன்ற கருப்பு-வெள்ளைப் பெட்டிகள் வீடுகளில் இருந்தன. இருப்பது ஒரே அலைவரிசை. திருகும் குமிழே போதும், ரிமோட்டுக்கு வேலையில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்து, கேபிள் இணைப்பு தெருத்தெருவாகப் பரவிய பிறகே ரிமோட் தேவைப்பொருள் ஆனது.

ஏழை வீடுகளுக்கு ரிமோட் போய்ச்சேர்ந்தது அதற்கும் பின்னர். 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதிப்படி தமிழ்நாடு அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இப்பெட்டிகள் 2011 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தன. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களின் சிற்றூர்களிலும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பலருக்கு அதுவே முதல் வண்ணப் பெட்டி. கையில் பிடித்த முதல் ரிமோட்டும் அதனுடையதே. ஓரே தெருவில் ஒரே வகைப் பெட்டிகள் வரிசையாக அமைந்தால் ஒரு வீட்டு ரிமோட் எதிர்வீட்டுப் பெட்டிக்கும் செல்லும். அகச்சிவப்பு ஒளி சுவரைத் துளைக்காது. திறந்த கதவும் சன்னலும் அதற்குப் போதும்.

கேபிள் ஒளிபரப்பை எண்ணிம முறைக்கு மாற்றும் பணி பெருநகரங்களில் 2012இல் தொடங்கியது. 2017இல் எண்ணிம உரிமம் பெற்ற அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. வீட்டில் ரிமோட் இரண்டானது. 'ரிமோட் வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் கணிசமானவை, பெட்டியின் ரிமோட்டை எடுத்துக்கொண்டு செட்டாப் பாக்ஸை மாற்ற முயல்வதால் வருபவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அகச்சிவப்பு ரிமோட் இயங்கும் விதம்

ரிமோட்டின் முனையில் உள்ள சிறு எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளி தொடர்ச்சியாக வருவதில்லை. பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்குச் சுமார் 38,000 முறை மினுக்குகிறது. இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. ரேடியோப் பெட்டிகளுக்காக ஏற்கெனவே மலிவாகக் கிடைத்த 455 கிலோஹெர்ட்ஸ் பீங்கான் அதிர்வியின் அலைவெண்ணை 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38 கிலோஹெர்ட்ஸ் வரும். பிலிப்ஸின் ஆர்.சி.5 முறை 36 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது.

வெயில் மினுக்குவதில்லை, குண்டு பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை மட்டுமே ஏறி இறங்குகிறது. பெட்டியிலுள்ள உணரி 38,000 முறை மினுக்கும் ஒளிக்கு மட்டும் செவிசாய்ப்பதால் இவை இரண்டையும் ஒதுக்கிவிட முடிகிறது. ஃபிளாஷ்-மேட்டிக்கைக் கெடுத்த வெயில் இவ்வாறு வெல்லப்பட்டது. முழுமையாக அன்று, உணரியின்மேல் நேர் வெயில் விழுந்தால் அது திணறும், ரிமோட் எட்டும் தூரம் குறையும்.

ஆணைகளுக்கும் காவல் உண்டு. என்.இ.சி. முறையில் ஒவ்வோர் ஆணையும் தலைகீழ் வடிவிலும் சேர்த்து அனுப்பப்படுகிறது. இரண்டும் பொருந்தினால்தான் பெட்டி ஏற்கும். எனவே இன்றைய குறுக்கீடு அலைவரிசையைத் தானாக மாற்றுவது அரிது. ஆணையைக் காதில் விழாமல் செய்வதே அதன் வேலை. இரைச்சலான சந்தையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காததைப் போன்றது இது.

விளக்குகள் தந்த தொல்லை

பழைய குழல் விளக்கின் கனமான சோக் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸிலேயே இயங்கியது. ரிமோட்டுக்கு அதனால் தொல்லையில்லை. எலக்ட்ரானிக் சோக்கும் அதைத் தன்னுள் அடக்கிய சி.எஃப்.எல். விளக்கும் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் மின்னோட்டத்தில் இயங்குபவை. அந்த எண் ரிமோட்டின் 36, 38, 40 கிலோஹெர்ட்ஸை நெருங்கினால் உணரியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. விடாமல் வரும் இந்த ஒளி இரைச்சலைச் சமாளிக்க உணரி தன் கூருணர்வைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதன்பின் பத்தடியிலிருந்து வேலை செய்த ரிமோட்டைப் பெட்டியின் முகத்தருகே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

விளக்கை ஏற்றிய முதல் சில நிமிடங்களில் தொல்லை கூடுதலாக இருக்கும். குழலுக்குள் இருக்கும் ஆர்கான் வாயு, விளக்கு சூடேறும் வரை அகச்சிவப்பை மிகுதியாக உமிழ்கிறது. பாதரச ஆவி நிறைந்ததும் அது தணிகிறது. அந்திக்கு விளக்கு வைத்தவுடன் ரிமோட் முரண்டு பிடித்துச் சற்று நேரத்தில் சரியாவதன் மறைபொருள் இதுதான்.

2008க்குப் பின் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியது. சிக்கனத்துக்காகக் குண்டு பல்பை அகற்றி சி.எஃப்.எல். மாட்டும்படி அரசும் மின்வாரியமும் வலியுறுத்தின. 2009இல் மத்திய அரசு பச்சத் லேம்ப் யோஜனா என்ற பெயரில், குண்டு பல்பின் விலைக்கே சி.எஃப்.எல். தரும் திட்டத்தை அறிவித்தது. இலவசப் பெட்டியும் சிக்கன விளக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே சிறு அறைக்குள் வந்து சேர்ந்தன. பெரிய வீட்டில் விளக்கும் பெட்டியும் தள்ளித் தள்ளி இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் பெட்டிக்கு நேர் மேலேயே விளக்கு எரியும். குறுக்கீடு ஏழை வீட்டைத் தேடிவந்ததற்கு அறையின் அளவே காரணம்.

ஆலைமேல் விழும் பழி

சென்னை – கல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கி வார்க்கும் மின்தூண்டல் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உண்டு. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. வீட்டு மின்கருவி எதுவும் சரியாக இயங்காவிட்டால் ஆலையைக் குறைசொல்வது இத்தகைய ஊர்களில் இயல்பு. ஆலைப்புகையால் பாதிக்கப்படும் மக்களுக்கு அந்தச் சினம் வருவதில் வியப்பில்லை. ஆனால் ரிமோட் விஷயத்தில் அந்தப் பழி பெரும்பாலும் பொருந்தாது.

பற்றவைப்பின் தீப்பொறி வானொலி அலைகளை எழுப்பும். கடலும் பழவேற்காடு ஏரியும் அண்மையில் இருப்பதால் உப்பும், ஆலைகளின் தூசியும் மின்கம்பத்துப் பீங்கான்களில் படியும். ஈரக்காற்றில் அவற்றின்மேல் சிறு பொறிகள் ஓடும். இவை மத்திய அலை வானொலியில் கரகரப்பை உண்டாக்க வல்லவை. ஒளியால் இயங்கும் ரிமோட்டை இவை தொடுவதில்லை.

ஆலைக்கும் வீட்டுக்கும் உள்ள உண்மையான தொடர்பு மின்கம்பி வழியானது. பெரிய சுமைகள் ஏறி இறங்கும்போது மின்னழுத்தம் நொடிநேரம் தாழ்ந்து எழக்கூடும். அப்போது செட்டாப் பாக்ஸ் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த ஓரிரு நிமிடம் அது எந்த ஆணையையும் ஏற்காது. பார்ப்பவருக்கு ரிமோட் செத்துவிட்டதாகத் தோன்றும். பெட்டியின் உள்ளே உணரிக்கு மின்சாரம் தரும் மின்தேக்கி பழசாகி வலுவிழந்தாலும் இதே அறிகுறி தென்படும். சில ரூபாய் விலையுள்ள அந்த உறுப்பை மாற்றினால் தீரும். காரணம் அறியாமல் முழுப் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் உண்டு.

பழுதைக் கண்டறிதல்

முதலில் அறிய வேண்டியது, ரிமோட் ஒளியை அனுப்புகிறதா என்பது. கைபேசியின் கேமராவை ரிமோட்டின் முனைக்கு எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால் வெளிர் ஊதாவாக ஒரு மினுக்கல் திரையில் தெரியும். சில கைபேசிகளின் பின்புறக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும். முன்புறக் கேமராவில் பார்க்கலாம். கேமரா கைபேசி இல்லாத நாளில் மெக்கானிக்குகள் மத்திய அலை ரேடியோவின் அருகே ரிமோட்டை வைத்து அழுத்துவார்கள். உள்ளே உள்ள அதிர்வி இயங்கினால் ரேடியோ இரையும். அதிர்வி இயங்குவதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும், எல்.இ.டி. எரிவதற்கு அது சான்றாகாது.

ஒளி வருகிறது, ஆனால் பெட்டி கேட்கவில்லை என்றால், அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு முயல வேண்டும். அப்போது வேலை செய்தால் குற்றவாளி விளக்கு. ஒவ்வொன்றாக ஏற்றினால் எது என்று தெரிந்துவிடும். அந்த விளக்கை இடம் மாற்றலாம், வேறு வகை விளக்கு போடலாம், அல்லது உணரிக்கு மேல் வெயில் மறைப்புப் போல ஓர் அட்டையை ஒட்டலாம்.

அதிகம் பேருக்குத் தோன்றாத காரணம் ஒன்று உண்டு. தலையணைக்கு அடியிலோ சோபாவின் இடுக்கிலோ கிடக்கும் இன்னொரு ரிமோட்டின் பொத்தான் அழுந்தியபடியே இருந்தால் அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அதன் ஒளி அறைக்குள் எதிரொளித்துப் பரவினால் மற்ற ரிமோட்டுகள் எடுபடாமல் போகலாம். எண்ணெய்ப் பிசுக்கேறிய ரப்பர்ப் பொத்தான்களால் இது எளிதில் நேரும்.

ஒளியே வரவில்லை என்றால் அது குறுக்கீடு அன்று, பழுது. மின்கலம் தீர்ந்திருக்கலாம், கசிந்து தகடு பச்சை பூத்திருக்கலாம், கீழே விழுந்ததில் பீங்கான் அதிர்வி விரிசல் விட்டிருக்கலாம்.

ஆலைக்குள் ரிமோட்

இதே வட்டாரத்தில் குறுக்கீடு உயிர் போகும் விஷயமாக மாறும் இடமும் உண்டு. உருக்காலைகளில் மேற்கூரைத் தண்டவாளத்தில் ஓடும் பாரந்தூக்கிகளை இப்போது தரையில் நின்றபடி வானொலி ரிமோட்டால் இயக்குகிறார்கள். அதன் கொக்கியில் தொங்குவது உருகிய இரும்பு நிறைந்த கொப்பரையாக இருக்கலாம். வானொலி அலை சுவரைக் கடக்கும். பக்கத்துக் கொட்டகையின் ரிமோட்டும் அதே பட்டையில் பேசும். எனவே ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணோடு வராத ஆணையைப் பாரந்தூக்கி ஏற்காது. அதைவிட முக்கியமானது இன்னோர் ஏற்பாடு. ரிமோட் இடைவிடாமல் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குறுக்கீட்டால் அந்தத் தொடர்பு சிறிது நேரம் அறுந்தாலும் பாரந்தூக்கி தானே நின்றுவிடும். வீட்டு ரிமோட் தோற்றால் ஒன்றும் நடக்காது. ஆலை ரிமோட் தோற்றால் எல்லாம் நிற்க வேண்டும். வேலை தடைப்படுகிறது என்று இந்தக் காப்பைச் செயலிழக்கச் செய்வது, அடியில் நிற்கும் தொழிலாளியின் தலையோடு விளையாடுவதாகும்.

உரிமம் வேண்டாத பட்டைகளில் இயங்கும் கருவிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவை பிறருக்கு இடையூறு செய்யக்கூடாது. தமக்கு நேரும் இடையூறு பற்றி முறையிடவும் இயலாது. 2004-05இல் அமெரிக்க இராணுவத் தளங்கள் சில புதிய வானொலிக் கருவிகளுக்கு மாறியபோது, சுற்றுப்புற வீடுகளின் ரிமோட் கராஜ் கதவுகள் திறக்க மறுத்தன. வீட்டுக்காரர்கள்தான் தங்கள் கருவிகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்.இ.டி. விளக்கும் புதிய ரிமோட்டும்

2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய, பின்னர் உஜாலா எனப்பட்ட எல்.இ.டி. திட்டத்துக்குப் பின் சி.எஃப்.எல். விளக்குகள் வீடுகளிலிருந்து விரைவாக மறைந்தன. வெள்ளை எல்.இ.டி. அகச்சிவப்பை மிகக் குறைவாகவே உமிழ்வதால் பழைய தொல்லை பெருமளவு ஓய்ந்தது. ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் இப்போது புதிய குழப்பத்தைத் தருகின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு விசிறிகள் ஓர் அறையில் இருந்தால் ஒரு பொத்தானுக்கு இரண்டும் நின்றுவிடக்கூடும்.

2005 ஜனவரியில் இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. குரலால் ஆணையிடும் இன்றைய ரிமோட்டுகள் அந்தப் பட்டையில், புளூடூத் வழியே பேசுகின்றன. அவற்றுக்கு விளக்கோ வெயிலோ தடையில்லை. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும்தான் பங்காளிகள். அவற்றில் பலவற்றிலும், பெட்டியை ஏற்றி அணைக்கும் ஒரு பொத்தான் மட்டும் இன்னமும் அகச்சிவப்பிலேயே இயங்குகிறது.