உடன் வந்தவர்

நாவல் என்ற உருவத்துக்கு அநாதைகள் தேவைப்படுகிறார்கள். தாயும் தகப்பனும் இருக்கிற வீட்டில் ஒரு பாத்திரம் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான். மீதிப் பாதியை மற்றவர்கள் எடுத்துவிடுகிறார்கள். ஷார்லட் ப்ராண்டி இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார். 1847இல் வெளிவந்த 'ஜேன் அயர்', 1853இல் வந்த 'வில்லெட்', முதலில் எழுதப்பட்டு அவர் இறந்தபின் 1857இல் அச்சேறிய 'தி ப்ரொஃபஸர்' ஆகிய மூன்றிலும் மையப் பாத்திரத்துக்குப் பெற்றோர் இல்லை. மூன்றிலும் அது தன்னந்தனியாகப் பிரயாணம் போகிறது. வாசகன் இந்தத் தனிமையைப் பாத்திரத்திடமிருந்து எடுத்து எழுதியவர் மேல் ஏற்றிவிடுகிறான். விமர்சகனும் அதையே செய்வதுதான் சங்கடம்.

சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. 1842 பிப்ரவரியில் ஷார்லட்டும் தங்கை எமிலியும் பிரஞ்சு கற்க ப்ரஸ்ஸல்ஸ் போனபோது தகப்பனார் பாட்ரிக் ப்ராண்டி கூடவே போனார். அவருக்கு அப்போது 64 வயது, ஷார்லட்டுக்கு 25, எமிலிக்கு 23. யார்க்ஷயரின் ஹாவொர்த்திலிருந்து லண்டன். அங்கே செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில், அவருக்கு ஏற்கனவே பழக்கமான சாப்டர் காஃபி ஹவுஸில் சில நாட்கள். பிறகு நீராவிக் கப்பலில் ஆஸ்டெண்டு, அங்கிருந்து கோச்சு வண்டியில் ப்ரஸ்ஸல்ஸ். 1830இல் சுதந்திரம் பெற்ற பெல்ஜியத்தின் தலைநகரமாகி அந்த ஊருக்குப் பன்னிரண்டு வருஷம்கூட நிறையவில்லை. பிப்ரவரி 15 காலை இஸபெல் தெருவில் ஹெகர் தம்பதியின் பள்ளியில் பெண்களைச் சேர்த்துவிட்டு, ஆங்கிலேய பாதிரியார் ஜென்கின்ஸ் வீட்டில் ஒரு வாரம் போலத் தங்கினார். வாட்டர்லூ போர்க்களத்தைப் போய்ப் பார்த்தார். பிறகு தனியாக ஊர் திரும்பினார். அவ்வளவுதான். இலக்கிய சரித்திரங்கள் இதற்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

ஆனால் இந்தப் பிரயாணம் எப்படி சாத்தியமாயிற்று என்று பார்க்க வேண்டும். 1841 செப்டம்பர் 29 அன்று ஷார்லட் தம் பெரியம்மா எலிசபெத் ப்ரான்வெல்லுக்குப் பணம் கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறது. தினமும் கடன் மனுக்களைப் புரட்டுகிறவனுக்கு அது நன்றாகத் தயாரித்த கடன் மனுவாகவே தெரியும். நோக்கம்: சொந்தமாகப் பள்ளி நடத்தத் தகுதி பெறுவது. செலவு: மிக உயர்ந்த கட்டணத்தில் போனாலும் பிரயாணத்துக்கு 5 பவுண்டு; வாழ்க்கைச் செலவு இங்கிலாந்தில் ஆவதில் பாதிக்குச் சற்று மேல். ஜாமீன் என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அப்பா இதைப் பேராசை என்று நினைக்கலாம், ஆனால் அவர் அயர்லாந்தை விட்டு கேம்பிரிட்ஜுக்குப் போனபோது இதே ஆசைதானே அவருக்கும் இருந்தது என்று வாதிடுகிறார். அயர்லாந்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1777இல் பிறந்த பாட்ரிக், 1802இல் கட்டணச் சலுகை பெற்ற மாணவனாக செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர். மகள் தன் புறப்பாட்டுக்கு ஈடாக வைத்தது தகப்பனின் புறப்பாட்டை. வீட்டை எதிர்த்து வெளியேறிய கலைஞி என்ற சித்திரத்தோடு இந்தக் கடிதம் பொருந்தவில்லை.

அவர் ஏன் கூடப் போனார்? பெண்களுக்குத் துணையாக மேரி டெய்லர் என்ற சிநேகிதியும் அவள் அண்ணனும் வந்தார்கள். அவன் அந்தப் பக்கம் போய்ப் பழகியவன். தகப்பனார் வராமலே சமாளித்திருக்கலாம். ஆனால் பாட்ரிக் பெண்களைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது இது முதல் தடவை அல்ல. 1824இல் நான்கு பெண்களையும் ஒருவர் பின் ஒருவராகக் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்துப் பள்ளியில் சேர்த்தார். மறு வருஷம் மூத்தவர்கள் இருவரும், மரியா மேயிலும் எலிசபெத் ஜூனிலும், அங்கே பிடித்த நோயில் இறந்துபோனார்கள். மூத்தவளுக்குப் பதினொரு வயது. மிஞ்சிய இருவரைத்தான், பதினேழு வருஷம் கழித்து, அந்நிய பாஷை பேசும் ஊரில் ஒரு பள்ளிவாசலில் விடப் போகிறார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தை உல்லாசப் பிரயாணம் என்று படிக்க என்னால் முடியவில்லை.

அவர் எழுதிவைத்தது ஒன்று உண்டு. வழியில் உதவும் பிரஞ்சு வாக்கியங்களைத் தாமே தொகுத்து ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தயாரித்திருந்தார். அதில் தாம் போன ஊர்களையும் குறித்திருக்கிறார்: ப்ரஸ்ஸல்ஸ், லீல், டன்கர்க், கலே. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ப்ரஸ்ஸல்ஸ் நீங்கலாக மற்ற மூன்றும் திரும்பி வந்த வழியிலுள்ள ஊர்கள். போகும்போது அவரைவிட பிரஞ்சு தெரிந்த பெண்கள் கூட இருந்தார்கள். வரும்போது யாரும் இல்லை. அறுபத்து நான்கு வயதில் பள்ளிப் பையனைப் போல் வாக்கியங்களை எழுதிப் பழகியது, தனியாக வரவேண்டிய அந்த வழிக்காகவும்தான் என்று தோன்றுகிறது. ப்ராண்டி குடும்பத்தின் எழுத்துக்களில் இலக்கியம் என்று யாரும் சொல்லத் துணியாத இந்த நோட்டில் ஒரு தனிமை இருக்கிறது. அதற்கு நடை கிடையாது, அவ்வளவுதான்.

இனி நாவல்களுக்கு வரலாம். ஜேன் அயர் லோவுட் பள்ளிக்குத் தனியாகக் கோச்சு வண்டியில் ஏற்றி அனுப்பப்படுகிறாள். லோவுட்டுக்கு மூலமான கோவன் பிரிட்ஜுக்கு எட்டு வயது ஷார்லட்டைத் தகப்பனார்தான் கொண்டுபோய் விட்டார். 'தி ப்ரொஃபஸர்' நாவலின் கிரிம்ஸ்வர்த், ஜெனரல் பெல்லியார்ட் சிலையருகே தனியாக நின்று படிக்கட்டுகளுக்குக் கீழே இஸபெல் தெருவைப் பார்க்கிறான். 'வில்லெட்' நாவலில் லூசி ஸ்நோ இரவில் தனியாகப் படகேறிக் கப்பலைச் சேர்கிறாள். இது மட்டும் ஷார்லட்டின் அனுபவம். ஆனால் 1843 ஜனவரியில் இரண்டாம் தடவை தனியாகப் போனபோது கிடைத்தது. இரண்டு பிரயாணங்களில் எதை எடுப்பது என்ற கேள்வி வந்தபோது அவர் தகப்பன் இல்லாததை எடுத்துக்கொண்டார்.

முழுக்க நீக்கினாரா என்றால், இல்லை. லண்டனில் லூசி செயின்ட் பால் கோபுரத்தின் நிழலில் ஒரு விடுதியில் தங்குகிறாள். அங்கே வயதான பணியாள் அவளை மதிப்பது, சார்லஸ், வில்மட் என்ற அவள் குடும்பத்து மூத்தவர்கள் இருவர் பதினைந்து வருஷத்துக்கு முன் அங்கே வந்து தங்கியவர்கள் என்பதால். நாவலில் வேறெந்த வேலையும் இல்லாத பெயர்கள் அவை. சாப்டர் காஃபி ஹவுஸுக்கு மகள்களைக் கூட்டிப்போனவரின் சாயல் அங்கே ஒரு நிமிஷம் வந்து மறைகிறது. 1848 ஜூலையில் பதிப்பாளரைச் சந்திக்க ஷார்லட்டும் கடைசித் தங்கை ஆனும் திடீரென்று லண்டன் போனபோதும் அதே காஃபி ஹவுஸில்தான் தங்கினார்கள். பெரிய நகரத்தில் அவருக்குத் தெரிந்த முதல் கதவு தகப்பன் திறந்துவிட்ட கதவு.

சிருஷ்டிகர்த்தாவுக்கு நீக்கும் உரிமை உண்டு. லூசியின் பக்கத்தில் ஒரு வயதான பாதிரியார் பெட்டியைச் சுமந்து நின்றால் 'வில்லெட்' என்ற நாவலே இல்லை. நன்றி மறத்தல் என்று இதைச் சொல்வது அசட்டுத்தனம். ஆனால் சரித்திரம் எழுதுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. எலிசபெத் கேஸ்கல் 1857இல் வெளியிட்ட வாழ்க்கைச் சரிதத்தில், வேலையை விட்டு நின்றுபோன ஒரு பணிப்பெண்ணின் பேச்சை நம்பி, பாட்ரிக்கை முரட்டுக் கோபக்காரராக நிறுத்தினார். அதே வருஷத்து மூன்றாம் பதிப்பில் சில கதைகளை எடுத்துவிட்டார். சித்திரம் என்னவோ நிலைத்துவிட்டது. அந்தச் சரிதத்தை எழுதும்படி கேட்டுக்கொண்டவரே பாட்ரிக்தான். அநாதை நாயகிக்கு ஏற்ற தகப்பன், இல்லாத தகப்பன். அது முடியாவிட்டால் கொடுங்கோலன். வாசகர்களின் இந்தத் தேவையை கேஸ்கல் பூர்த்தி செய்தார். நவீனத்துவமும் கலைஞனை வேரற்றவனாகவே வைத்துப் பார்த்து அந்தத் தேவைக்குத் தத்துவம் கற்பித்தது.

1846 ஆகஸ்டில் இன்னொரு பிரயாணம் நடந்தது. இப்போது கூட்டிப்போனவர் ஷார்லட். பாட்ரிக்குக் கண்புரை முற்றிப் பார்வை ஏறக்குறையப் போயிருந்தது. மான்செஸ்டரில் மயக்க மருந்து இல்லாமல் அறுவை நடந்தது. அதே நாளில் 'தி ப்ரொஃபஸர்' கையெழுத்துப் பிரதி பதிப்பாளரிடமிருந்து திரும்பி வந்தது என்றும், அந்த வாடகை வீட்டில்தான் 'ஜேன் அயர்' தொடங்கியது என்றும் கேஸ்கல் சொல்கிறார். இருட்டாக்கிய அறையில் கண்கட்டோடு தகப்பனார் அசையாமல் படுத்திருந்த நாட்கள் அவை. பக்கத்தில் இருந்துகொண்டு மகள், தகப்பனே இல்லாத பெண்ணின் கதையை எழுதினார். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடிந்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிற விமர்சனம் போதாது.