ஆறு வற்றிய மாவட்டத்தின் வரவு செலவுக் கணக்கு



வணிகவியல் படிப்பவனிடம் எதைக் கொடுத்தாலும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கோடு போட்டுவிடுவான். இந்த முறை என்னிடம் மாட்டியது எங்கள் விருதுநகர் மாவட்டம். பட்டாசும் பால்கோவாவும் எல்லோருக்கும் தெரியும். மீதியைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் பிறந்த கதை. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1910ல் ராமநாதபுரம் ஜில்லாவை வெள்ளைக்காரர்கள் உருவாக்கினார்கள். அது 1985 மார்ச்சில் மூன்றாகப் பிரிந்தபோது உருவானதுதான் நம் மாவட்டம். அப்போது காமராஜர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1997ல் தென்மாவட்டங்களில் நடந்த சாதி மோதல்களுக்குப் பிறகு, தமிழ்நாடு முழுவதும் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. அதில் இந்தப் பெயரும் போனது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 19,42,288 பேர். 2001ல் 17,51,301. பத்து ஆண்டுகளில் சுமார் 11 சதவீத வளர்ச்சி. மாநில வளர்ச்சியோ 15 சதவீதத்துக்கும் மேல். ஆயிரம் ஆண்களுக்கு 1007 பெண்கள். எழுத்தறிவு 80 சதவீதம், கிட்டத்தட்ட மாநில சராசரிதான். பாதிப் பேர் நகரங்களில் வாழ்கிறார்கள்.

நகரங்கள் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் மழை இல்லாததுதான். வைப்பாறு, அர்ச்சுனா நதி, குண்டாறு எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன, ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். மேற்கே மலையடிவாரத்தைத் தவிர்த்தால் மற்ற இடங்களில் கண்மாயும் மானாவாரிக் கரிசலும். மண் சோறு போடாதபோது ஜனங்கள் கடை போட்டார்கள். விருதுநகர் எண்ணெய், பருப்பு, வத்தல் சந்தையானது. ராஜபாளையத்தில் நூற்பாலைகள் வந்தன, பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி, அருப்புக்கோட்டையில் நெசவு.

மூலதனம் எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நாடார் வியாபாரிகளின் உறவின்முறைகளில் 'மகமை' என்று ஒரு ஏற்பாடு. விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டுவிட வேண்டும். வீட்டுப் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சமூகம், மகமையும் பிடி அரிசியும் சேர்ந்த பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியது. விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதான். அங்கே படித்த ஒரு பையன் பின்னாளில் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பெயர் சொல்லத் தேவையில்லை!

சிவகாசியின் கதையும் அதே காலத்தையொட்டியது. 1922ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி ஏறியது. அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். குச்சி சீக்கிரம் காய வெயில் வேண்டும், அது இங்கே இலவசம். சிறிய ஆலைகளுக்குக் கிடைத்த கலால் வரிச் சலுகை பெரிய கம்பெனிகளோடு போட்டி போட உதவியது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது, அது காலண்டர் வரை வளர்ந்தது. 1940களுக்குப் பிறகு பட்டாசு பெருகியது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

குடிமை விஷயத்துக்கு வருவோம். மாவட்டத்தில் 450 ஊராட்சிகள், 11 ஊராட்சி ஒன்றியங்கள், ஏழு சட்டமன்றத் தொகுதிகள். ஆனால் 2008 மறுசீரமைப்பின்படி ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில், திருச்சுழி ராமநாதபுரத்தில், மற்ற நான்கும் விருதுநகரில். ஒரே மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள்! இந்த ஊர் யாருக்கும் தலையாட்டாது. 1967ல் காமராஜரையே 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்க வைத்த ஊர். 2021ல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சி ஆனது.

இதுவரை வரவு. இனிதான் பற்று.

தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு ரூ.20,000 வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது. 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே இல்லை, காப்பாற்ற ஓடிப்போன அக்கம்பக்கத்து ஜனங்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. உரிமம் வைத்திருப்பவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டுவிட்டால், குத்தகைக்கு எடுத்தவர் போட்ட காசை எடுக்க ஆளையும் மருந்தையும் கூட்டத்தான் பார்ப்பார். விபத்து என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான்.

2018ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது. மத்திய அரசு நாட்டின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலை அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இரண்டு பெயர்கள்தான்: ராமநாதபுரம், விருதுநகர். 'குட்டி ஜப்பான்' இருக்கிற மாவட்டம் பின்தங்கியோர் பட்டியலில்!

உற்பத்தியை மட்டும் எண்ணினால் இது முரண்பாடாகத் தெரியும். கூலியையும் கருகிய கையையும் சேர்த்து எண்ணினால் கணக்கு சரியாக வரும். தீபாவளிக்கு நாம் கொடுக்கும் விலையில் அந்தச் செலவு சேரவில்லை. அதை அந்தக் குடும்பங்கள் தனியாகக் கட்டுகின்றன.

ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய மாவட்டம் இது. ஒரு பட்டாசுப் பெட்டிக்கு இவ்வளவு என்று எடுத்து, பாதுகாப்புக்கும் தீக்காய சிகிச்சைக்கும் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கும் வைக்க முடியாதா? வழி புதிதல்ல, நம் தாத்தாக்கள் போட்டதுதான்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.